இரண்டாம் மாத மந்தம்

என்னை எடை போட்டவர்களைப் பற்றிக் குறை சொல்வதற்கு முன்னால், நானும் எடை போட்டுப் பிழைக்கிறவன்தான் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊருக்கு வெளியே லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடையில் இருபத்திரண்டு வருஷமாக எனக்கு வேலை. லாரி வந்து நிற்கும். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டிரைவர் இறங்கு, கூட வந்தவங்க எல்லாம் இறங்குங்க" என்று கத்துவேன். இறங்கியதும் எண்ணைப் பார்ப்பேன். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழிப்பேன். மிச்சம் இருப்பது சரக்கு. சீட்டு எழுதி நீட்டுவேன். எனக்குத் தெரிந்த வித்தை இந்த ஒன்றுதான், அதையும் தேவைப்பட்ட நேரத்தில் கோட்டை விட்டேன்.

நான் எடை கூடிய வரலாறு நீளமானது, ருசியானது. எடைமேடை அறையின் முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட் வைத்திருந்தேன். தீயணைக்க மணல் நிரப்பி மாட்டியிருந்த வாளியில், மணலுக்கு அடியில், பிளாஸ்டிக் பையில் சுற்றி கேக் வைத்திருந்தேன். ஒருமுறை நிஜமாகவே பக்கத்துக் கொட்டகையில் தீப்பிடித்தது. எல்லோரும் வாளியைத் தூக்க ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் நான் ஓடினேன். தீயை அணைக்கத்தான் ஓடுகிறேன் என்று நினைத்து என்னைப் பாராட்டினார்கள்.

அவ்வப்போது, லாரி இல்லாத நேரத்தில், நானே மேடையில் ஏறி நின்று பார்ப்பதுண்டு. அது இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும். லாரிக்கு இருபது கிலோ என்பது சக்கரத்தில் ஒட்டிய சேறு. எனக்கு ஒரு நாள் நூற்றிருபது காட்டும், இன்னொரு நாள் நூற்றுநாற்பது காட்டும். நூற்றிருபது காட்டும் நாளில் மெஷின் நன்றாக இருப்பதாகவும், நூற்றுநாற்பது காட்டும் நாளில் பழுதாகிவிட்டதாகவும் முடிவு செய்துகொள்வேன்.

என் மனைவி தையல் வேலை செய்கிறவள். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். எனக்குச் சட்டை அளவெடுக்கும்போது மட்டும் டேப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு என்னைச் சுற்றி வீச வேண்டியிருக்கும். ஒரு நாள் வீசிய டேப் மறு கைக்கு வரவில்லை. அவள் டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு மேல டேப்பு இல்லைங்க. டாக்டரைப் போய்ப் பாருங்க."

போனேன். முழங்கால், மூச்சு, சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வயிற்றைக் குறுக்கும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். நாள் குறித்த பிறகு ஒரு மாதம் இருந்தது. இனிமேல் சாப்பிட முடியாது என்று தெரிந்த எல்லாவற்றிடமும் நான் நேரில் போய் விடைபெற்றேன். சிலவற்றிடம் இரண்டு மூன்று தடவை.

அறுவைக்கு முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே மருத்துவமனைக்குப் போனேன். வாசலிலேயே பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். என்னால் நடக்க முடியும் என்றேன். "முடியும்னு எல்லாரும்தான் சொல்வாங்க. ஆபரேஷனுக்கு வர்றவங்க வாசலைத் தாண்டி நடக்கக் கூடாது, விதி" என்றார் காவலாளி. எங்களைப் போன்றவர்களுக்காகவே செய்த அகலமான இரும்பு நாற்காலி அது. பெல்ட் போட்டுக் கட்டி, நீளமான நடைபாதை வழியாகத் தள்ளிக்கொண்டு போய், 'எடை முன்னேற்றப் பிரிவு' என்று பலகை மாட்டிய அறைக்குள் விட்டார்கள். அங்கே எடை பார்க்கும் மேடை தரையோடு தரையாகப் பதித்திருந்தது. அதன்மேல் என்னை உருட்டி நிறுத்தினார்கள். சுவரில் சிவப்பு எண் ஓடி நின்றது. நூற்றுநாற்பத்தெட்டு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பக்கத்தில் நின்ற மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு மாதமாக நான் விடைபெற்றுவந்த ஒவ்வொரு சாமானும் என் கண்முன் வந்து போயிற்று. இவ்வளவுதானா, இன்னும் கூடவே இருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றியது. திருடனுக்குக் கணக்குக் கேட்கும் தைரியம் எங்கிருந்து வரும்? பேசாமல் பதினான்கு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அறுவை நன்றாக நடந்தது. வெட்டிய டாக்டர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். என் வயிறு இப்போது ஒரு சிறிய டம்ளர் அளவுதான் என்று கையால் காட்டிவிட்டுப் போனார். அதோடு அவர் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு என் உடம்பு எடை முன்னேற்றப் பிரிவுக்குச் சொந்தம்.

முதல் மாதம் முடிந்து போனேன். இப்போது நடந்து போகலாம், விதி இடம் கொடுக்கிறது. மேடையில் ஏறி நின்றேன். நூற்றிருபத்தொன்று. எடை பார்க்கும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இருபத்தேழு கிலோ குறைஞ்சிருக்கீங்க. மணி அடிங்க."

அறை மூலையில் பித்தளை மணி ஒன்று தொங்கியது. முதல் மாதத்தில் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் குறைந்தவர்கள் அதை அடிக்கலாம். அடித்தேன். ஊழியர்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். கைதட்டும்போதே ஒருவர் தட்டுவதை நிறுத்தாமல் கொட்டாவி விட்டார். என்னைப் படம் எடுத்து 'இம்மாத நட்சத்திரம்' என்ற பலகையில் ஒட்டினார்கள். அந்தப் பலகையில் ஏற்கெனவே முப்பது நாற்பது நட்சத்திரங்கள் இருந்தார்கள்.

பிறகு பிரிவுத் தலைவர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். மேஜைமேல் நீளமான மர அடிக்கோல் ஒன்று இருந்தது. கட்டம் போட்ட காகிதத்தில் இரண்டு புள்ளி வைத்தார். ஒன்று நூற்றுநாற்பத்தெட்டு, இன்னொன்று நூற்றிருபத்தொன்று. இரண்டையும் தொட்டுக்கொண்டு அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுத்தார். கோடு கீழே கீழே போயிற்று.

"ரெண்டாம் மாசம் தொண்ணூத்திநாலு. மூணாம் மாசம் அறுபத்தேழு. அஞ்சாம் மாசம் பதிமூணு" என்றார்.

"பதிமூணு கிலோவா சார்?"

"கோடு அப்படித்தான் சொல்லுது."

"ஆறாம் மாசம்?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். கோடு காகிதத்தின் அடியைத் தாண்டி மேஜைமேல் கொஞ்சம் ஓடியிருந்தது. "அதை அப்பப் பாத்துக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அன்று தெருவில் எனக்கு இருந்த நடை, கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

இரண்டாம் மாதம் போனேன். நூற்றுப்பதினாறு. ஐந்து கிலோ குறைந்திருந்தேன். மணியின் பக்கம் திரும்பினேன். "அங்க எங்க போறீங்க?" என்றார் எடை பார்க்கும் அம்மா. தலைவர் என் காகிதத்தை எடுத்து, கோட்டுக்கு மேலே வெகு தூரத்தில் ஒரு புள்ளி வைத்தார். நான் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருந்த இடத்துக்கும் நடுவே இருபத்திரண்டு கிலோ இருந்தது. அவர் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

"இரண்டாம் மாத மந்தம்" என்றார்.

"என்ன சார் அது?"

"நோய். நான்தான் கண்டுபிடிச்சேன். முதல் மாசம் நல்லாக் குறையும், ரெண்டாம் மாசம் சட்டுன்னு நின்னுடும். இங்க வந்த எண்ணூறு பேர்ல எண்ணூறு பேருக்கும் இருக்கு. உலகத்துல வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் இது கெடையாது. அங்கெல்லாம் கண்டுபிடிக்கத் தெரியலை."

"மருந்து இருக்கா?"

"பேஷண்ட் ஒளிச்சு வெச்சுத் திங்கறதை நிறுத்தணும். இல்லைன்னா மறுபடி வெட்டணும்."

'மந்தம்' என்று எழுதிய இன்னொரு பலகை நடைபாதையில் இருந்தது. என் படத்தை நட்சத்திரப் பலகையிலிருந்து பிய்த்து அங்கே மாற்றினார்கள். படத்தில் நான் மணியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் இருந்தார். அவர் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் வேலையிலிருந்து வந்தபோது சமையலறை அலமாரியில் பூட்டுத் தொங்கியது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

"நான் ஒண்ணும் திங்கலை" என்றேன்.

"நானும் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக நான் "ஒண்ணும் திங்கலை" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தின்றுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டி வந்தபோது, அதற்கென்று என்னிடம் வேறு வார்த்தை இல்லை.

அந்த மாதம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. டம்ளர் வயிற்றுக்கு அரை கப் சூப் குடித்தேன், அதிலும் கொஞ்சம் மிச்சம் வைத்தேன். மதியத்தில் அவள் முன்னறிவிப்பில்லாமல் எடைமேடைக்கு வந்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே பஞ்சும் மருந்தும் இருந்தன. வாளி மணலைக் கையால் கிளறினாள். மணல்தான் இருந்தது. லாரிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வேற எங்கயோ இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு நானே ஒருமுறை தேடிப் பார்த்தேன். எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்று காலையில் கண்விழித்ததும் விரல்களை முகர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். சோப்பு வாசனை அடித்தால், தின்றுவிட்டுக் கழுவியிருக்கிறேன் என்று தோன்றியது.

மூன்றாம் மாதம் நூற்றுப்பன்னிரண்டு. கோட்டின்படி நான் அறுபத்தேழு இருக்க வேண்டும். தலைவர் மறு அறுவைக்கு எழுதிவிட்டார். மந்தக்காரர்களுக்கு வியாழக்கிழமை, வாரத்துக்கு ஒரு ஆள். எனக்கு மூன்று வாரம் கழித்து வரும் வியாழன்.

"இதுக்கு மேல குறுக்கினா வயித்துல என்ன சார் மிஞ்சும்?" என்று கேட்டேன்.

"ஒரு ஸ்பூன் கொள்ளும். ஸ்பூனால சாப்பிடறவங்க எவ்வளவோ பேர் சந்தோஷமா இருக்காங்க."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா ஒத்துழைக்காத பேஷண்ட்னு எழுதி ஃபைலை மூடிடுவோம். மாத்திரை, மாசாமாசம் போடற ஊசி, டாக்டர், எல்லாம் நின்னுடும். நீங்கதான் முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, ஒன்பதாவது காகிதம்."

அந்த ஊசியும் மாத்திரையும் இல்லாவிட்டால் காலம் போகப் போகக் கை கால் மரத்துப்போகும் என்று வெட்டிய டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். மனைவியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்தாமல், "பண்ணிக்கோங்க. உங்களால வாயைக் கட்ட முடியாது, அவங்களாவது கட்டட்டும்" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக நான் நிரபராதியாக இருந்தேன், அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் எடை குறையுமா என்று ஒரு கணம் யோசித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வேலையில் மனசு ஒட்டவில்லை. மணல் ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்றது. "இறங்கு" என்று கத்தினேன், எண்ணைப் பார்த்தேன், சீட்டு எழுதி நீட்டினேன். டிரைவர் சீட்டைப் படித்துவிட்டு ஜன்னலுக்கே திரும்பி வந்தார்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா? லாரியையும் சேத்து மணல்னு போட்டிருக்கீங்க. நான் மணல்தாண்ணே ஏத்திட்டு வந்தேன், லாரி ஏத்திட்டு வரலை."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். காலி வண்டியைக் கழிக்க மறந்திருந்தேன். "மன்னிச்சுக்கப்பா" என்று வேறு சீட்டை எடுத்தேன். எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது. பெல்ட் போட்ட இரும்பு நாற்காலி ஞாபகம் வந்தது. அதில் உட்கார்ந்தபடியே நான் மேடையில் உருட்டப்பட்டதும், சுவரில் சிவப்பு எண் ஓடியதும் ஞாபகம் வந்தது. யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. யாரும் எதையும் கழிக்கவில்லை. முதல் மாதத்தில் நான் குறைந்த இருபத்தேழு கிலோவில் ஒரு சக்கர நாற்காலியும் இருந்தது.

இதை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கவனிக்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். ஒரு நாளைக்கு அறுபது தடவை காலி வண்டியைக் கழிக்கிறவன், தான் ஏறி வந்த வண்டியை மூன்று மாதமாகக் கழிக்காமல் விரலை முகர்ந்துகொண்டிருந்தேன். "டிரைவர் இறங்கு" என்று உரக்கச் சொன்னேன். "நான் இறங்கித்தாண்ணே நிக்கறேன்" என்றார் அவர்.

அன்றே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் முழுதாக நம்பவில்லை. ஆனால் கிளம்பினாள். நடைபாதையில் சும்மா நின்ற ஒரு நாற்காலியை நானே தள்ளிக்கொண்டு போய் மேடைமேல் நிறுத்தினேன். அதன் முதுகில் 'ஏழு' என்று எழுதியிருந்தது. சிவப்பு எண் எரியவில்லை.

"பேஷண்ட் நம்பர் போட்டாத்தான் மெஷின் வேலை செய்யும்" என்றார் எடை பார்க்கும் அம்மா.

"என் நம்பரைப் போடுங்கம்மா."

"நீங்க மேடையில இல்லையே. அது தப்பு. இதுக்குன்னு ஒரு நம்பர் வாங்கிட்டு வாங்க."

பதிவு எழுத்தரிடம் போனோம். நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போனோம். வரிசையில் அதற்கும் சேர்த்து இடம் விட்டு நின்றோம். எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார்.

"பேஷண்ட் பேரு?"

"நாற்காலி. பின்னால ஏழுன்னு எழுதியிருக்கு."

"நாற்காலி ஏழு. வயசு?"

"ஆறு வருஷம் இருக்கும்" என்றாள் மனைவி, சக்கரத்தின் தேய்மானத்தைக் குனிந்து பார்த்து.

"உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லைங்க. ஒரு தடவை மேல உக்காந்திருக்கேன்."

"கூட வந்தவர்னு போட்டுக்கறேன். உங்க வீட்டுப் போன் நம்பர் சொல்லுங்க. பேஷண்ட் நாள் முழுக்க உக்காந்தே இருக்கறவரா?"

"நின்னுட்டேதான் இருக்கும். மத்தவங்கதான் உக்காருவாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கேலி செய்கிறேனா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்தார் போலிருக்கிறது. என் முகத்தில் கேலி இல்லை என்றதும் மறுபடி குனிந்துகொண்டார். உயரம் அளந்தார்கள், தொண்ணூறு சென்டிமீட்டர். அந்தப் பிரிவில் உயரத்திலிருந்து நூறைக் கழித்தால் வருவதுதான் ஒருவர் இருக்க வேண்டிய எடை. எனக்கு அறுபத்தெட்டு. நாற்காலிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே பத்து. எழுத்தர் கூசாமல் அதை எழுதிக்கொண்டார்.

நம்பரோடு திரும்பி வந்து மேடையில் நிறுத்தினோம். சிவப்பு எண் ஓடி நின்றது. பத்தொன்பது.

மனைவி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் அளவு நோட்டை எடுத்தாள். எல்லோருடைய அளவும் அதில்தான் எழுதுவாள். என் பக்கத்தைப் புரட்டினாள். மூன்று மாதத்தில் மூன்று தடவை என் சட்டையைப் பிடித்துத் தைத்திருந்தாள். இடுப்பு, மார்பு, கை, எல்லாம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக, குறைந்துகொண்டே வந்திருந்தது.

"என் கையால எழுதினதுங்க இது. டேப்புதான் இழுத்துப்போச்சுன்னு நெனச்சு, போன வாரம் புது டேப்பு வாங்கினேன்" என்றாள்.

பிரிவுத் தலைவரிடம் போனோம். பத்தொன்பது என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்தேன். நூற்றுநாற்பத்தெட்டில் பத்தொன்பது போனால் நூற்றிருபத்தொன்பது என்றும், அங்கிருந்து எட்டு, ஐந்து, நான்கு என்று ஒழுங்காகத்தான் குறைந்துவருகிறேன் என்றும், மந்தம் எதுவும் இல்லை என்றும் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

நான் சீட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஒன்பது வருஷமாத் தெரியும். உக்காருங்க. அறிவியல்னா என்னன்னு நெனச்சீங்க? ஒருத்தரை மட்டும் நாற்காலியோட எடை போட்டா அது தப்பு. எண்ணூறு பேரையும் நாற்காலியோட போட்டா அது முறை. முறையை மாத்தினா பழைய எண்ணூறு பேருக்கும் நாங்க செஞ்சது அநியாயம் ஆயிடும், இல்லையா? முதல் மாசம் சராசரி இருபத்தாறு கிலோ குறைக்கிற ஆஸ்பத்திரின்னு வெளியில எவ்வளவு பெரிய போர்டு வெச்சிருக்கோம், பாத்தீங்களா? அதைப் பாத்துத்தானே நீங்களும் வந்தீங்க? அந்த நம்பிக்கையைக் கெடுக்க உங்களுக்கு எப்படி மனசு வருது?"

"சார், அதுக்காக என் வயித்தை..."

"உங்களை மட்டுமே நெனைக்காதீங்க. நாற்காலியைக் கழிச்சா மந்தம் போயிடும். மந்தம் போயிட்டா மறு அறுவை எதுக்கு? அந்த தியேட்டர் எதுக்கு? மந்தத்தைப் பத்தி நான் மாநாட்டுல பேசினது எல்லாம் என்ன ஆகறது? அடுத்த மாசம் எனக்கு விருது தர்றாங்க. ஒரு இரும்பு நாற்காலிக்காக ஒரு நோயையே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களே, இது மனுஷத்தனமா?"

நான் கொஞ்சம் வெட்கப்பட்டேன். என்னைத் திட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் ஏதோ நியாயம் இருக்கும் என்று தோன்றிவிடுவது என் பழைய வியாதி. மனைவிக்கு அந்த வியாதி இல்லை.

"அப்ப அந்த வியாழக்கிழமை இந்த நாற்காலியைப் படுக்க வெச்சு வெட்டுங்க" என்றாள்.

"வியாழக்கிழமை உங்க வீட்டுக்காரரு வரணும்மா. வரலைன்னா ஃபைலை மூடிடுவோம்" என்று சொல்லி அவர் கதவைத் திறந்துவிட்டார்.

வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று அலைந்தோம். எல்லோரும் பழைய ஃபைலைக் கேட்டார்கள். ஃபைலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே நூற்றுநாற்பத்தெட்டு உட்கார்ந்திருந்தது. வியாழக்கிழமை வந்தது. ஒரு துணிப்பையில் வேஷ்டி, துண்டு, பல்துலக்கும் பிரஷ் எல்லாம் போட்டு மனைவியே கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் என் சட்டைக் கையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டே வந்தாள். "ஸ்பூன் அளவு வயித்துக்கு நான் என்னத்தைச் சமைக்க?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

பதிவு எழுத்தர் பட்டியலைப் பார்த்தார். "உங்க முறை தள்ளிப்போயிடுச்சு" என்றார்.

"ஏங்க?"

"மந்தக்காரங்கள்ல யார் குறைவாக் குறைஞ்சிருக்காங்களோ அவங்களுக்குத்தான் முதல் இடம், விதி. உங்களுக்கு முன்னால ஒருத்தர் வந்துட்டாரு. இருக்க வேண்டியதைவிட இருபத்தொன்பது கிலோ ஜாஸ்தி. ஒரு கிராம்கூடக் குறையலை. ஆபத்தான கேஸு."

"யாருங்க அது?"

"நாற்காலின்னு ஒருத்தர். நாற்காலி ஏழு."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காரியம் கெட்டிருக்கும். ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். "நாற்காலி ஏழு, அறுவை அரங்குக்கு வரவும்." நடைபாதையில், எங்களுக்கு நாலு அடி தள்ளி, அவர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். யாரோ அவர்மேல் ஒரு போர்வையை மடித்து வைத்திருந்தார்கள். வரவில்லை என்று எழுதிக்கொண்டு, அடுத்த வியாழனுக்குத் தேதி கொடுத்தார்கள். வராதவருக்குப் பழைய எடையையே மறுபடி எழுதுவது அங்கே வழக்கம். அதனால் அடுத்த வாரமும் அவர் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆளாக நான் நிம்மதியாக நின்றேன். எனக்குப் பின்னால் மற்ற மந்தக்காரர்கள் நின்றார்கள். முதல் இடம் நகராததால் எங்களில் ஒருவரையும் வெட்ட முடியவில்லை. வியாழக்கிழமைகளில் தியேட்டர் காலியாகக் கிடக்கிறது. ஊசியும் மாத்திரையும் தடையில்லாமல் வருகின்றன. நடைபாதையில் போகும்போது அவருடைய கைப்பிடியை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவேன்.

தலைவருக்கு விருது கிடைத்தது. மந்தத்திலேயே முற்றிய வகை ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்திருப்பதாக அவர் மேடையில் அறிவித்தாராம். பெயர் குறிப்பிடாமல் ஒரே ஒரு நோயாளியை உதாரணம் காட்டினாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் போன் அடித்தது. மனைவி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் அரை கப் சூப்போடு இருந்தேன். நூற்றுமூன்று கிலோ. அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுத் துணியைத் தைத்துக்கொண்டே பேசினாள். உணவு ஆலோசகரின் குரல்.

"உங்க நம்பர்தான் கொடுத்திருக்காங்க. பேஷண்ட் ஒரு கிராம்கூடக் குறையலையே. வீட்டுல ஒளிச்சு வெச்சுச் சாப்பிடறாரா?"

மனைவி மெஷினை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"இல்லைங்க. ஒரு வாய்கூட ஒளிச்சுச் சாப்பிடலை. நான் கூடவே இருந்து பாத்திருக்கேன். அவரு சொன்னது அத்தனையும் நெஜம். நான்தான் நம்பலை" என்றாள்.

"அப்ப உடற்பயிற்சி? தினம் நடக்கறாரா?"

"நடக்க மாட்டாருங்க. தள்ளினாத்தான் போவாரு."

"ஐயோ பாவம். கவலைப்படாதீங்க. வியாழக்கிழமை எப்படியாவது வாசல் வரைக்கும் கொண்டு வந்துடுங்க. அங்கேருந்து உள்ள கூட்டிட்டுப் போக நாங்க ஒரு சக்கர நாற்காலி தர்றோம்."

மனைவி நன்றி சொல்லி வைத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து, இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, சமையலறை அலமாரியைத் திறந்து, பூட்டைக் கழற்றித் தையல் பெட்டிக்குள் போட்டாள். ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்து என் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க. என் எதிரிலேயே சாப்பிடுங்க" என்றாள்.

ஒளித்து வைக்காமல் நான் தின்ற முதல் பிஸ்கட் அதுதான். முழுசாக இறங்கவில்லை, வயிறு அவ்வளவுதான். மிச்சத்தை அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.